மஞ்சள் டேப்பில் ஒரு கதவு

எந்த மருத்துவமனை என்று சொல்ல மாட்டேன். மலேசியாவில், ஜொகூரில்தான், அது போதும். பெயரைச் சொன்னால் அங்கே இன்னமும் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்குத்தான் தலைவலி. மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது. எப்போதும் ஆனதில்லை.

என் பெயர் வாசுகி. பிரசவ வார்டில் முப்பத்தொரு வருடம் மிஸ்ஸியாக இருந்தேன். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் நர்ஸ் என்பார்கள், எங்களுக்கு மிஸ்ஸிதான். ஓய்வுபெற ஏழெட்டு மாதம் இருக்கும்போது மேட்ரன் என்னைக் கூப்பிட்டார். பழைய கட்டடத்துக்குப் பக்கத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனியாக ஒரு மருத்துவமனை கட்டப்போகிறார்கள், மக்களைக் கேட்டுத்தான் வரையப்போகிறார்களாம், தமிழ் பேசுகிற ஆள் ஒருத்தர் வேண்டுமாம், நீ போய் உட்கார் என்றார். வார்டில் எனக்கு முட்டிவலி. உட்காரச் சொன்னால் வேண்டாம் என்பேனா?

முதல் கூட்டத்துக்கு அறுபது பேர் வந்தார்கள். டேவானில், பேட்மிண்டன் ஆடுகிற பொது மண்டபம் அது, சுவர் முழுக்கப் பெரிய பெரிய தாள். ஆளுக்கு ஐந்து வட்ட ஸ்டிக்கர் கொடுத்து, எது முக்கியமோ அங்கே ஒட்டச் சொன்னாள் ஹனிசா. அவள்தான் கட்டடம் வரைகிற பெண். கோலாலம்பூரிலிருந்து வந்தவள், முப்பது வயதுகூட இருக்காது. சாயங்காலம் பார்த்தால், கார் நிறுத்தும் இடத்தின்மேல் தாளே தெரியவில்லை. அடுத்தது கேன்டீன். குளுவாங்கிலிருந்து வந்த மீனாள் ஆச்சி தன் ஐந்து ஸ்டிக்கரையும் பிரசவ அறையின் வாசலிலேயே ஒட்டிவிட்டு, இது தெற்கு பார்த்து இருக்கவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். பிரசவ அறையில் படுத்துக் கத்துகிறவளுக்குத் தெற்கென்ன வடக்கென்ன என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

லாயாங் லாயாங்கிலிருந்து தீபன் என்று ஒருத்தன் வந்திருந்தான். அவர்கள் குடியிருக்கும் தாமான் சார்பில் அனுப்பியிருந்தார்கள். செனாயில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். முதல் இரண்டு கூட்டங்களிலும் வாயே திறக்கவில்லை. முதல் நாளே எனக்கு அவனை அடையாளம் தெரிந்துவிட்டது. அவனுக்கும் என்னைத் தெரிந்தது. "வணக்கம் மிஸ்ஸி" என்றான். நானும் "வாங்க தம்பி" என்றேன். அதோடு சரி. இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துகொண்டோம்.

மூன்றாவது கூட்டத்தில் ஹனிசா ஒரு வேலை செய்தாள். பேட்மிண்டன் கோடு போட்ட தரையில், பெரிய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, ஆளுயரத்துக்குச் சுவர் நிறுத்தி, ஒரு பிரசவ வார்டையே உண்டாக்கிவிட்டாள். கதவு வரும் இடத்தில் தரையில் மஞ்சள் டேப். கட்டில் என்று ஒரு மேசை. லிஃப்ட் என்று எழுதி ஒரு கட்டம். சும்மா நடந்து பாருங்கள், எது சரியில்லையோ இப்போதே சொல்லுங்கள், கட்டிய பிறகு சொன்னால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்றாள். நல்ல பெண். அவள்மேல் எனக்கு அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை.

ஒரு மலாய் மாச்சிக், நம் அத்தை வயதிருக்கும் அம்மாள், மேசைமேல் ஏறிப் படுத்து, இடுப்புவலி வந்ததுபோலக் கத்திய கத்தலில் டேவானே சிரித்தது. பிள்ளை பிறந்தாயிற்று, இனி அப்பா வேண்டும் என்றாள் ஹனிசா. பக்கத்தில் நின்றவர்கள் தீபனைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டார்கள். அவள் துண்டில் சுற்றிய பொம்மையை நீட்டினாள். மிஸ்ஸிகளுக்குப் பயிற்சி கொடுக்கிற பொம்மை. நிஜப் பிள்ளையின் கனம் இருக்கும், தலை நிற்காது. தீபன் அதன் கழுத்துக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து வாங்கி, மார்போடு சேர்த்துக்கொண்டு குனிந்து பார்த்தான். படம் எடுக்க வந்திருந்த ஆள் அதை டக்கென்று எடுத்துக்கொண்டார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அப்பா இப்போது பதிவு கவுண்டருக்குப் போகிறார்" என்று மலாயில் சொன்னாள் ஹனிசா.

தீபன் நகரவில்லை. மலாய் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அன்றைக்கு அவனுக்குத் தமிழில்தான் வந்தது.

"மிஸ்ஸி, அந்தப் பொண்ணுகிட்ட கேளுங்க. இந்தப் புள்ளைக்கு உசுரு இருக்கா, இல்லையா?"

நான் மலாயில் சொன்னேன். ஹனிசாவுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"உசுரு இல்லன்னா எந்தப் பக்கமா போவணும்? இங்க எல்லாக் கதவும் லிஃப்ட்டுக்குத்தான் போவுது. அதக் கேளுங்க."

பின்னால் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். தீபன் பொம்மையை இறக்காமலே பேசினான். அவன் ஒரு வாக்கியம் சொல்ல, நான் ஒரு வாக்கியம் மலாயில் சொல்ல, இப்படியே போனது.

"எனக்குப் பையன் பொறந்தான். பொறக்கும்போதே உசுரு இல்ல. ரெண்டு வருசமாச்சி. ஒரு மிஸ்ஸி துண்டுல சுத்தி என் கையில குடுத்தாங்க."

மருத்துவமனையில் கொடுத்தார்கள் என்று மொழிபெயர்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

"பின்னால இருந்த லிஃப்ட்டு ரோசாக், வேல செய்யல. அதனால முன்னாலதான் போனேன். ஆளுங்க பாக்க வர்ற நேரம். லிஃப்ட்டு ஃபுல்லா ஆளு, பலூனு. ஒரு மாச்சிக் துண்டப் பாத்துட்டு, ஆணா பொண்ணான்னு கேட்டாங்க. ஆணுன்னேன். மூஞ்சியக் காட்டச் சொன்னாங்க. தூங்குறான் மாச்சிக்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் லிஃப்ட்டுல ஒருத்தரும் சத்தம் போடல. போன்ல பேசிக்கிட்டிருந்த ஆளுகூட வாயப் பொத்திக்கிட்டாரு. புள்ள எழுந்திரிச்சிரக் கூடாதுன்னு. கீழ வர்ற வரைக்கும் அப்படியே இருந்தாங்க."

மேசைமேல் படுத்திருந்த அந்த மாச்சிக் எழுந்து உட்கார்ந்திருந்தார். நான் அதையும் மலாயில் சொன்னேன்.

"வாசல்ல காவலுக்கு நின்ன ஜாகா நிறுத்திட்டாரு. அம்மா எங்க, டிஸ்சார்ஜ் பேப்பர் எங்கன்னு கேட்டாரு. புள்ளத் திருடுறவன் இருக்கான்ல, அவரு கேக்கணும்தான். நான் பேப்பரக் காட்டுனேன். படிச்சிட்டு, தொப்பியக் கழட்டிட்டு, கதவத் தொறந்து விட்டாரு. லிஃப்ட்டுல வந்தவங்க எல்லாம் என் பின்னாலதான் நின்னாங்க. அவங்களுக்கும் தெரிஞ்சிபோச்சி." பொம்மையின் துண்டைச் சரிசெய்தான். "எனக்குப் பெருசா ஒண்ணும் வேணாம். வார்டுலருந்து நேரா வெளிய போறதுக்கு ஒரு சின்னக் கதவு. கார் வந்து நிக்கற மாதிரி. அவ்ளோதான்."

புதுக் கட்டடம் மேட்டுச் சரிவில் வருவதால், அந்தப் பக்கம் கார் ரோடு வார்டு மட்டத்துக்கே வரும். ஹனிசா தரையில் மண்டியிட்டு, அட்டைச் சுவர் ஒன்றைத் தள்ளிவைத்து, அந்த இடைவெளியில் மஞ்சள் டேப் ஒட்டினாள். அதற்கு முன்னால் ஒரு சின்ன அறைக்குக் கோடு போட்டு, இரண்டு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். அப்பாவும் அம்மாவும் கொஞ்ச நேரம் உட்காரலாம், பிறகு இப்படியே வெளியே போகலாம் என்றாள். மீனாள் ஆச்சி எழுந்து வந்தார். பிள்ளை பிறக்கிற கட்டடத்தில் இதற்கொரு வாசலா என்று கேட்கப்போகிறார், நன்றாகத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று நான் தயாராக நின்றேன். ஆச்சி அந்த டேப்பைப் பார்த்துவிட்டு, "கெழக்குப் பாத்து வையி ஆத்தா. வெளிச்சமாப் போகட்டும்" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

தீபன் பொம்மையைத் தூக்கிக்கொண்டு அந்த டேப்பைத் தாண்டி வெளியே போனான். பேட்மிண்டன் கோட்டின் அந்தப் பக்கம் போய் நின்று, திரும்பிப் பார்த்தான்.

பிள்ளை பிறந்த அன்று நடந்ததில் அவன் சொல்லாத பாதி என்னிடம் இருந்தது. அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

அவன் மனைவி சாந்தினிக்கு முப்பத்தெட்டாவது வாரம். ரத்த அழுத்தம் எகிறிப்போய் வந்தாள். வரும்போதே பிள்ளைக்கு நாடி இல்லை. அறுத்துத்தான் எடுத்தோம். அவள் மயக்கத்தில் கிடந்தாள். தீபனின் பெரியப்பா அய்யாவு, பழைய தோட்டத்து மனுசர், வார்டு வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் தமிழ்ச் சனத்தின் முறை அப்படி. பச்சைப்பிள்ளையை எரிப்பதில்லை, புதைப்பதுதான். அதுவும் விளக்கு வைப்பதற்குள் மண்ணுக்குள் வைத்துவிட வேண்டும்.

"அம்மா, புள்ளையப் பொணத்தோட பொணமா போட்டு வைக்க வேணாம். வெளக்கு வைக்கறதுக்குள்ள கொண்டு போயிருறோம். நம்ம புள்ளம்மா" என்றார்.

சட்டப்படி அந்தக் குழந்தை பிணவறைக்குப் போக வேண்டும். அங்கேதான் அப்பா கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். ஆனால் அன்று நெடுஞ்சாலையில் ஒரு விபத்து. நாலு உடல் வரிசையில் இருந்தது. பிள்ளை கையில் கிடைக்க இரவு பத்தாகும் என்றார்கள். எனக்கும் அந்த முறையில்தான் வளர்ப்பு. பிணவறையில் இருந்த பழக்கமான ஊழியரைக் கூப்பிட்டேன். பேப்பரை மட்டும் அனுப்பு மிஸ்ஸி, நான் சாப் முத்திரை குத்திவிடுகிறேன் என்றார். தீபனிடம் கையெழுத்தை முன்கூட்டியே வாங்கினேன். பிணவறையில் தந்தை பெற்றுக்கொண்டார் என்று நானே எழுதினேன். பிள்ளையைக் குளிப்பாட்டி, துண்டில் சுற்றி அவன் கையில் கொடுத்தேன். சாந்தினிக்குக் காட்ட வேண்டாம், மனசு உடைந்துவிடும் என்று வீட்டுப் பெண்கள் சொன்னார்கள். சரி என்றேன். பின் லிஃப்ட் கெட்டுப்போய்க் கிடக்கிறது, முன்னால் போங்க தம்பி என்றும் சொன்னேன். அது சாயங்காலம் ஐந்து மணி, ஊரே பலூன் தூக்கிக்கொண்டு வருகிற நேரம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நல்லது செய்துவிட்டேன் என்ற மிதப்பில் இருந்தேன்.

நாலாவது கூட்டம் இரண்டு வாரம் கழித்து. இந்த முறை தீபன் சாந்தினியையும் கூட்டி வந்திருந்தான். மூன்றாவது கூட்டத்தன்று அவளுக்கு வேலை இருந்ததால் வரவில்லையாம். இப்போது அந்தக் கதவைப் பார்க்க வந்திருந்தாள். அட்டைச் சுவரெல்லாம் அப்படியே இருந்தது. டேப்பும் இருந்தது. தீபன் அவளைக் கூட்டிப்போய்க் காட்டினான். அவள் அந்த இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாள்.

அன்றைக்கு மேட்ரனும் வந்தார். கெட்டவர் இல்லை. என்னைவிட ஐந்து வயது இளையவர், என்னைவிட நாலு படி மேலே. எழுந்து நின்று மரியாதையாகத்தான் பேசினார். பிரசவ வார்டிலிருந்து நேராக வெளியே ஒரு கதவு வைத்தால் பிள்ளைத் திருட்டுக்கு வழி விட்டதாக ஆகும். அப்படியும் வைக்க வேண்டும் என்றால் தேவை இருக்க வேண்டும். ஐந்து வருட ரெக்கார்டைப் பார்த்துவிட்டேன். இறந்து பிறந்த எந்தக் குழந்தையும் வார்டிலிருந்து நேராகக் குடும்பத்தின் கைக்குப் போனதில்லை. ஒன்றுகூட இல்லை. எல்லாம் பிணவறை வழியாகத்தான் போயிருக்கிறது. இல்லாத ஒன்றுக்கு எப்படிக் கதவு வைப்பது?

ஹனிசா தீபனைக் காட்டினாள். மேட்ரன் அவனிடம் போய், மடித்து வைத்திருந்த ஒரு தாளை விரித்து அவனுக்கு மட்டும் தெரிகிற மாதிரி பிடித்தார்.

"இது உங்கள் கையெழுத்துதானே?" மெதுவாகத்தான் கேட்டார்.

தாளில் அவன் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தும் இருந்திருக்கும். அவன் படித்துவிட்டுத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். மேட்ரனும் பார்த்தார். ஹனிசா பேனாவோடு காத்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஆறு மாதம் இருக்கிறது, பென்ஷன் இருக்கிறது, பொய்யாக எழுதியதற்கு வேலையைவிட்டே தூக்கலாம். இதெல்லாம் எனக்கு ஒரே நொடியில் ஞாபகம் வந்தது. அந்தப் பிள்ளையைக் குளிப்பாட்டியது மட்டும் ஞாபகம் வரவில்லை.

"என் கையெழுத்துதான்" என்றான் தீபன்.

"அந்த மாதிரி நாளில் எது எங்கே நடந்தது என்று மனது குழம்பிப்போவது சகஜம்" என்றார் மேட்ரன்.

"இருக்கலாம். நான்தான் தப்பா ஞாபகம் வச்சிருப்பேன்" என்றான்.

என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க, தன் பிள்ளையின் கதவை அவனே மூடினான். ஹனிசா எதையோ எழுதி, பிறகு அடித்துவிட்டாள். கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போனது. குழந்தைகள் விளையாடும் இடத்துக்கு என்ன வண்ணம் என்று பேசினார்கள். மஞ்சளா பச்சையா என்று ஒரு மணி நேரம்.

டீ நேரத்தில் வெளியே வந்தேன். கார் நிறுத்துமிடத்தில் தீபன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு மோட்டார்சைக்கிள் பக்கத்தில் நின்றான். சாந்தினி என்னைப் பார்த்ததும் நேராக வந்தாள். அவள் கோபமாக இல்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மிஸ்ஸி, அன்னிக்கு நீங்கதான வார்டுல இருந்தீங்க? எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். இவரு புள்ளையத் தூக்கிக்கிட்டு முன்னால லிஃப்ட்டுல போனாரா, போவலையா?"

"சாந்தி, வா போலாம்" என்றான் தீபன்.

"நீங்க இருங்க." அவள் கண்ணை என் முகத்திலிருந்து எடுக்கவில்லை. "நான் எம் புள்ளையப் பாக்கல மிஸ்ஸி. தொடல. போட்டோகூட இல்ல. இவரு சொன்னதுதான். லிஃப்ட்டுல எல்லாரும் சத்தம் போடாம வந்தாங்கன்னு. எம் புள்ள தூங்குறான்னு நெனச்சி. அது ஒண்ணுதான் எனக்கு இருக்கு. இப்ப உள்ள தப்பா ஞாபகம்னு சொல்றாரு. அப்ப அதுவும் இல்லையா?"

தீபன் ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் அப்போதும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் எனக்குச் செருப்படி. ஒரு நாள் கொஞ்சம் உதவி செய்தேன் என்பதற்காக ஒரு மனுசன் பெண்டாட்டியிடமே பொய்யனாக நிற்கிறான்.

"போனாரும்மா" என்றேன். "நான்தான் துண்டுல சுத்திக் குடுத்தேன். பிணவறைக்கு அனுப்பல. பேப்பர்ல எழுதுனதுதான் பொய். அவர் சொன்னது எல்லாமே நெசம்."

சாந்தினி தலையை ஆட்டினாள். "அப்ப அத உள்ள போய் சொல்லுங்க" என்றாள்.

போனேன். இதைச் சொல்லி நல்ல பெயர் வாங்க நினைக்கவில்லை. அவள் சொல்லாவிட்டால் போயிருக்க மாட்டேன். ஹனிசாவிடம் நின்று, தேதியிலிருந்து எல்லாவற்றையும் மலாயில் சொன்னேன். இந்த முறை மொழிபெயர்க்க யாரும் இல்லை. மருத்துவமனையில் கொடுத்தார்கள் என்று சொல்லாமல், நான் கொடுத்தேன் என்றே சொன்னேன். ஹனிசா எழுத எழுத மேட்ரன் கண்ணை மூடிக்கொண்டார்.

"வாசுகி, என்ன சொல்கிறாய் என்று தெரிந்துதான் சொல்கிறாயா?" என்று கேட்டார்.

"தெரிந்துதான் மேட்ரன். ரெக்கார்டில் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கேட்டால் இன்னும் கிடைக்கும். நான் ஒருத்தி மட்டும்தான் இப்படிச் செய்தேன் என்று நினைக்கிறீர்களா?"

இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அப்போது வீராப்பாக இருந்தது.

விசாரணை வைத்தார்கள். மூன்று பேர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, மூன்று தடவை அதே கேள்வியைக் கேட்டார்கள். பிணவறையில் சாப் குத்தியவர் ஓய்வுபெற்று மூவாரில் மகன் வீட்டில் இருக்கிறார், அவரை விட்டுவிட்டார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. முப்பத்தொரு வருடத்தில் என்னைப் பற்றி எழுதி வந்த ஒரே கடிதம் அதுதான். கடைசி மாதங்களைத் தடுப்பூசி கவுண்டரில் தள்ளினேன். பென்ஷன் வந்தது. கேட்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற இரண்டாவது மாதம், இறுதி வரைபடத்தை மக்களுக்குக் காட்டுகிறோம், வாருங்கள் என்று அழைப்பு வந்தது. தீபனுக்கும் வந்திருந்தது. சாந்தினியோடு மூன்று பேரும் சேர்ந்தே போனோம். அதே டேவான். அட்டைச் சுவர்கள் போய், பளபளப்பான பெரிய பலகைகள் வந்திருந்தன. கறிபாப், டீ எல்லாம் இருந்தது. ஹனிசாவைக் காணவில்லை. வேறு வேலைக்கு மாறிவிட்டாளாம்.

பிரசவ வார்டின் படத்தைத் தேடிப் போனோம். தீபன் விரலை வைத்து வழியைத் தொடர்ந்தான். கட்டில்கள், பாத்ரூம், மிஸ்ஸிகள் உட்காரும் இடம். டேப் ஒட்டியிருந்த இடத்தில் விரல் நின்றது. அங்கே துணி வைக்கும் அறை இருந்தது. கதவு இல்லை. இரண்டு நாற்காலி போடுகிற அந்தச் சின்ன அறையும் இல்லை.

பக்கத்துப் பலகையில், மக்கள் சொன்ன கருத்துகளால் வந்த மாற்றங்கள் என்று போட்டிருந்தார்கள். கார் நிறுத்த இன்னும் இருநூறு இடம். பிரசவ அறையின் வாசல் வடக்குப் பக்கம் மாற்றப்பட்டது. ஆறாவதாக ஒன்று. மக்கள் பங்கேற்பின்போது ஒரு பாதுகாப்புக் குறைபாடு தெரியவந்ததால், வார்டின் எல்லாக் கதவுகளும் இனி ஊழியர் அட்டை இருந்தால்தான் திறக்கும். இறந்து பிறக்கும் குழந்தைகளை இரண்டு ஊழியர்கள் சேர்ந்து, உள்வழியாகப் பிணவறைக்கு மட்டுமே எடுத்துச் செல்வார்கள். வார்டில் குடும்பத்தாரிடம் எந்த நிலையிலும் ஒப்படைக்க மாட்டார்கள்.

நான் இரண்டு முறை படித்தேன். தீபனும் படித்தான். கதவு கேட்டோம். பூட்டுக் கொடுத்திருக்கிறார்கள். என் வாயால் கேட்டு வாங்கிக் கொடுத்த பூட்டு. இனிமேல் எந்தப் பெரியப்பாவும் எந்த மிஸ்ஸியின் கையையும் பிடித்துக் கெஞ்ச முடியாது, கெஞ்சினாலும் அவள் அட்டையைத் தேய்த்தால் எங்கேயோ பதிவாகிவிடும். பிள்ளையை அப்பன் கையில் கொடுக்கக்கூட முடியாது.

"சொல்லாமலே இருந்திருக்கலாம் தம்பி" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. "நான் வாயத் தொறந்ததுனாலதான்."

சாந்தினி எங்கள் பக்கத்தில் இல்லை. திரும்பிப் பார்த்தால், வாசலுக்குப் பக்கத்தில் இருந்த எல்லாவற்றிலும் பெரிய பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரும்போது கூட்டத்தில் நாங்கள் அதைக் கவனிக்கவில்லை.

ஆள் உயரத்துக்குத் தீபனின் படம். துண்டில் சுற்றிய பொம்மையின் கழுத்துக்கு அடியில் கை கொடுத்து, மார்போடு சேர்த்து, குனிந்து அதையே பார்க்கிறான். பொம்மையின் முகம் துணியில் மறைந்திருந்ததால், பார்ப்பவர்களுக்கு நிஜப் பிள்ளைதான். உங்கள் குரல், உங்கள் மருத்துவமனை என்று மேலே பெரிதாக எழுதியிருந்தது. கீழே சின்ன எழுத்தில், புதிய தந்தை ஒருவர் குழந்தையோடு வீட்டுக்குப் போகும் வழியை நடந்து பார்க்கிறார் என்று மலாயில் போட்டிருந்தார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பலகையைப் பிடித்து இழுக்கத்தான் போனேன். சாந்தினி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் பார்வை படத்தைவிட்டு நகரவில்லை.

"இப்பிடித்தான் தூக்கிட்டுப் போனீங்களா?" என்று தீபனைக் கேட்டாள்.

"ஆமா."

"கழுத்துக்குக் கீழ கை குடுத்து?"

"ஆமா. இப்பிடித்தான்."

அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்து, இரண்டடி பின்னால் நகர்ந்து, படத்தைப் படம் எடுத்தாள். சரியாக வந்ததா என்று பார்த்துவிட்டு இன்னொன்று எடுத்தாள். தட்டில் கறிபாப்போடு வந்த ஒரு மலாய்ப் பாட்டி படத்தையும் பார்த்து, தீபனையும் பார்த்து, ஆள் ஒன்றுதான் என்று தெரிந்துகொண்டு சிரித்தார். உங்கள் பிள்ளையா, ஆணா பெண்ணா என்று சாந்தினியிடம் மலாயில் கேட்டார்.

"ஆண்" என்றாள் சாந்தினி. "தூங்குகிறான்."

அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தி, நல்லா இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, டீ எடுக்கப் போனார்.